ஊரிலேயே ஆடியவர்கள்

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. அன்று மாலை ஓல்டு ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் பர்ன்லியும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியில் யுனைடெட் 3–2 என்று தப்பிப் பிழைத்தது. லீக் தொடங்கி மூன்றாவது வாரம்தான். கோப்பையோ பட்டமோ அந்த ஆட்டத்தைச் சார்ந்து இல்லை. ஆனாலும் அதை முழுக்கப் பார்த்தேன். என் நண்பர்கள் பார்த்தார்கள். தமிழில் கால்பந்து எழுதும் எல்லோரும் பார்த்திருப்போம். மறுநாள் அதைப் பற்றி நிறைய எழுதினோம்.

அதே நாளில் நைரோபியின் கசரானி மைதானத்தில் இன்னொரு ஆட்டம் நடந்தது. அதுவும் 3–2. ஆப்பிரிக்க நாடுகள் சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி. மொராக்கோவும் மடகாஸ்கரும் மோதின. மடகாஸ்கர் ஒன்பதாவது நிமிடத்தில் முந்தியது. மொராக்கோ சமன் செய்து, இடைவேளைக்கு முன் 2–1 என்று ஏறியது. இரண்டாம் பாதியில் மடகாஸ்கர் மறுபடி சமன் செய்தது. 80ஆவது நிமிடத்தில் மொராக்கோவின் உசாமா லம்லூயி, கோல்காப்பாளர் முன்னே ஏறி நிற்பதைக் கவனித்து, வெகு தொலைவிலிருந்து அவர் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி வலைக்குள் இறக்கினார். ஒரு கண்டத்தின் பட்டம் அந்த உதையில் முடிவானது. இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் நேரலையில் பார்க்கவில்லை. முடிவு தெரியவே எனக்கு இரண்டு நாளானது.

இதை என்னுடைய சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 2009 முதல் எட்டு முறை நடந்திருக்கும் ஒரு போட்டியை எட்டு முறையும் ஒரு மொழியின் கால்பந்து எழுத்து ஏறக்குறைய முழுதாகத் தவறவிட்டிருக்கிறது என்றால், அது ஒருவனின் சோம்பல் ஆகாது. அதனால்தான் இதை 'நாம்' என்று எழுதுகிறேன்.

போட்டியின் விதி எளிமையானது. சுருக்கமாக 'சான்' என்று அழைக்கிறார்கள். ஒரு நாட்டு அணியில் ஆட வேண்டுமானால், அந்த வீரர் அந்த நாட்டின் லீக்கிலேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கென்ய அணி என்றால் கென்யக் கிளப்புகளின் வீரர்கள் மட்டும். பாரிசிலோ லிவர்பூலிலோ ஆடுபவருக்கு இடமில்லை. பக்கத்து நாட்டு லீக்கில் ஆடுபவருக்கும் இடமில்லை. இசா ஹயாத்து ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தபோது, 2009இல் ஐவரி கோஸ்டில் எட்டு அணிகளோடு தொடங்கியது. அடுத்த முறையே பதினாறு அணிகளாயிற்று. ஐரோப்பாவுக்குப் போனவர்களே தேசிய அணிகளை நிரப்பிவிட்டதால் உள்ளூர் லீக் வீரனுக்குத் தன் நாட்டுச் சட்டையை அணியும் வாய்ப்பே அற்றுப்போன காலத்தில், அவனுக்காகவே உண்டாக்கிய மேடை இது. 2014 முதல் இந்த ஆட்டங்கள் முழுமையான சர்வதேச ஆட்டங்களாகவே கணக்கில் சேர்கின்றன.

இந்த விதியை முதன்முதலில் படித்தபோது என் மனதில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். "அப்படியானால் வெளியே போக முடியாதவர்களின் போட்டி." அந்த ஒரு வரியோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். நம்மில் பலரும் அப்படித்தான் மூடினோம்.

அப்போது நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன். செய்தி நிறுவனங்களிலிருந்து சான் செய்திகள் தவறாமல் வரும். பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அதுதான். இடம் இருந்தால் 'துளிகள்' பகுதியில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியிலும் ஒருமுறை, இதை முற்றிலும் வேறு போட்டியான ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை என்றே தவறாகப் போட்டோம். வாசகர் ஒருவர்கூடச் சுட்டிக்காட்டவில்லை. நாங்களும் திருத்தம் போடவில்லை.

வெட்டியவற்றில் என்னென்ன இருந்தன என்று இப்போது திரும்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

2009இன் முதல் கோப்பையைக் காங்கோ ஜனநாயகக் குடியரசு வென்றது. அபிஜானில் நடந்த இறுதிப் போட்டியில் கானாவை 2–0 என்று வீழ்த்தியது. அணித் தலைவர் திரேசோர் ம்புட்டு. லுபும்பாஷி என்ற செப்புச் சுரங்க நகரத்தின் டிபி மசெம்பே கிளப்பைச் சேர்ந்தவர். ஐரோப்பாவே அவரைப் பற்றிப் பேசிய நாட்களிலும் ஊரிலேயே ஆடியவர். கோல்காப்பாளர் ராபர்ட் கிடியாபாவும் அதே கிளப். மறு ஆண்டு டிசம்பரில் அபுதாபியில் நடந்த உலகக் கிளப் கோப்பையின் அரையிறுதியில் மசெம்பே பிரேசிலின் இன்டர்நேசியோனலை 2–0 என்று வென்றது. ஐரோப்பாவையும் தென்னமெரிக்காவையும் சேராத ஒரு கிளப் இறுதிக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. அப்போது நாம் என்ன எழுதினோம்? கிடியாபா தரையில் உட்கார்ந்தபடி துள்ளித் துள்ளிக் கோலைக் கொண்டாடியதை எழுதினோம். படம் போட்டோம், சிரித்தோம். அவர் ஒரு கண்டத்தின் கோப்பையை ஏற்கெனவே வென்றவர் என்பதை எழுதவில்லை. நமக்கே தெரியாது.

2011இல் சூடான் நடத்தியது. அந்த ஜனவரி 14 அன்று துனிசியாவின் சர்வாதிகாரி பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த மாதம் 25ஆம் தேதி ஓம்துர்மானில் துனிசிய அணி அங்கோலாவை 3–0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அரபுப் புரட்சியைப் பற்றித் தமிழில் எழுதாத பத்திரிகை இல்லை. நானும் எழுதினேன். ஒரு நாடு சுதந்திரமாக மூச்சுவிடத் தொடங்கிய ஆறாவது வாரத்தில், அந்நாட்டு லீக் வீரர்கள் ஒரு கோப்பையோடு ஊர் திரும்பியது எவர் கட்டுரையிலும் இல்லை.

2014 இன்னும் பெரிது. லிபியா நடத்தியிருக்க வேண்டிய போட்டி. நாட்டில் பாதுகாப்பு இல்லாததால் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றினார்கள். வீட்டை இழந்த அந்த லிபியாவே கோப்பையை வென்றது. காலிறுதி, அரையிறுதி, இறுதி, மூன்றையும் பெனால்டி உதைகளில் கடந்தது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வெற்றியையும் வழக்கமான நேரத்துக்குள் அது பெறவில்லை. ஒவ்வொரு முறையும் தோற்காமல் நின்று, கடைசி உதை வரை காத்திருந்து வென்ற அணி. கேப்டவுனில் கானாவை வென்றதும் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பதினொரு ஆண்டு கழித்துப் பழைய காணொளியில் பார்த்தேன். இப்படியொரு கதை ஐரோப்பாவில் நடந்திருந்தால் நாம் அதைத் தொடராக எழுதியிருப்போம்.

நமது குற்றத்தில் மிகக் கனமானது எது என்று கேட்டால், பார்க்காமல் விட்டதைச் சொல்லமாட்டேன். பிற்பாடு பார்த்தபோது, அப்போதுதான் அவர்கள் பிறந்ததைப் போல எழுதினோமே, அதைச் சொல்வேன்.

அயூப் எல் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 29 அன்று ஏதென்சில் நடந்த கான்ஃபரன்ஸ் லீக் இறுதியில், 116ஆவது நிமிடத்தில் ஒலிம்பியாகோசுக்காகக் கோல் அடித்து ஃபியோரென்டினாவை வீழ்த்தினார். கிரேக்கக் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. "எங்கிருந்தோ வந்த நாயகன்" என்ற பொருளில் எழுதினோம். எங்கிருந்தோ இல்லை. இளம் வயதில் தச்சு வேலை செய்தவர். மொராக்கோவின் வடகிழக்கு மூலையில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன பெர்க்கான் என்ற சிறு நகரத்தின் கிளப்பிலிருந்து வந்தவர். 2018 சான் போட்டியில் ஒன்பது கோல் அடித்தவர். ஒரே சானில் ஒன்பது என்பது அதுவரை எவரும் தொடாத எண். அந்த முறை மொராக்கோ இறுதியில் நைஜீரியாவை 4–0 என்று வென்றது. இடையில் சீனாவுக்குப் போய், ஊர் திரும்பி, 2021இல் யவுண்டேயில் மாலிக்கு எதிரான சான் இறுதியிலும் கோல் அடித்தார். நைரோபி இறுதியில் இரண்டு கோல் அடித்த லம்லூயியும் அதே பெர்க்கான் கிளப்தான். ஒரு சிறு நகரத்தின் கிளப் இரண்டு முறை கண்டத்துக்கே கோலாளரைக் கொடுத்திருக்கிறது. பார்சிலோனா அகாடமியின் வரைபடமே நமக்கு மனப்பாடம். பெர்க்கான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்போம்.

சூஃபியான் ரஹிமி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டு கோல் அடித்து மொராக்கோவுக்கு வெண்கலம் கொண்டுவந்தவர். "புதிய நட்சத்திரம்" என்று நானே தலைப்பு வைத்தேன். காசாபிளாங்காவின் ராஜா கிளப்பில் சட்டைகளையும் காலணிகளையும் பராமரித்த ஊழியரின் மகன். அந்த மைதானத்திலேயே வளர்ந்தவர். 2021இல் நடந்த சான் போட்டியின் சிறந்த வீரர், அதிகக் கோல் அடித்தவர், இரண்டும் அவர். நான் "புதிய" என்று எழுதியபோது அவர் மூன்றரை ஆண்டுப் பழையவர். ஒலிம்பிக்கில் அந்த அணிக்குப் பயிற்சி தந்த தாரிக் செக்தியூயிதான் அடுத்த ஆண்டு நைரோபியில் கோப்பை வென்ற பயிற்சியாளர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூனில் நாட்டிங்காமில் செனகல் இங்கிலாந்தை 3–1 என்று தோற்கடித்தது. ஆப்பிரிக்க அணி ஒன்று இங்கிலாந்தை வென்றது அதுவே முதல்முறை. அந்தச் செய்தியை எல்லோரும் கொண்டாடினோம். அணியின் பயிற்சியாளர் பாப் தியாவ். 2023 பிப்ரவரியில் அல்ஜியர்சின் நெல்சன் மண்டேலா மைதானத்தில், சொந்த ரசிகர்கள் நிறைந்த அல்ஜீரியாவை எதிர்த்து, கோலின்றி முடிந்த சான் இறுதியைப் பெனால்டியில் 5–4 என்று வென்று கொடுத்தவர் அவர்தான். அந்த அணியில் ஜெனரேஷன் ஃபூட் என்ற உள்ளூர் அகாடமியின் லமின் கமாரா இருந்தார். அடுத்த ஆண்டே மொனாக்கோ கிளப்பின் நடுக்களத்தில் ஆடத் தொடங்கினார். மொனாக்கோவுக்குப் போன பிறகே நமக்கு அவர் பெயர் தெரிந்தது.

'உள்ளூர் மாடு விலைபோகாது' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ஆட்டக்காரனை நாம் விலைபேசும் கண்ணோடு மட்டுமே பார்த்துவந்தோம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எந்தக் கிளப் எத்தனை கோடி கொடுத்தது என்பதிலிருந்துதான் நமக்கு ஒருவன் வீரனாகிறான். அணிப் பட்டியல் வந்ததும் பெயருக்கு எதிரே இருக்கும் கிளப்பைத்தான் நம் கண் முதலில் தேடுகிறது.

மொழியிலும் தவறினோம். ஐரோப்பிய வீரன் 'திட்டமிடுகிறான்', 'ஆட்டத்தை வாசிக்கிறான்'. ஆப்பிரிக்க வீரனோ நம் எழுத்தில் 'புயல்', 'காட்டுக்குதிரை', 'கறுப்பு முத்து', 'அசுர பலம்'. காங்கோவோ கேமரூனோ தாங்களே சூடிக்கொண்ட சிறுத்தை, சிங்கம் என்ற பட்டங்கள் வேறு. அவை அவர்களுடைய பெருமை. நாம் ஒட்டிய அடைமொழிகளோ, அவர்களுக்குத் தசை உண்டு, மூளை இல்லை என்று சொல்லாமல் சொல்லின. லம்லூயியின் அந்தக் கோல் முழுக்க முழுக்கக் கணக்கு. கோல்காப்பாளர் நிற்கும் இடம், பந்தின் வேகம், காற்று, உதையின் உயரம் எல்லாம் ஒரு நொடியில் போட்ட கணக்கு. அதைப் 'புயல்' என்று எழுத முடியாது.

பெயர்கள் விஷயத்திலும் நமக்கு மன்னிப்பு இல்லை. 2025 சானின் அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து மடகாஸ்கரை இறுதிக்குக் கொண்டுபோனவர் டோக்கி ராக்கோட்டோன்ட்ராய்பே. இறுதியிலும் அடித்தார். இந்தப் பெயர் தலைப்பில் அடங்காது என்று சொல்லிச் சக எழுத்தாளர் ஒருவர் 'மடகாஸ்கர் வீரர்' என்று மாற்றினார். நம் ஊர் நீளப் பெயர்களை வடக்கத்திய வர்ணனையாளர்கள் பாதியில் முறித்துப் போட்டபோது நமக்கு எவ்வளவு சுருக்கென்று தைத்தது! அந்த வலி தெரிந்தவர்களே இதைச் செய்தோம்.

சூடானைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் நிறைவடையாது. 2023 ஏப்ரல் 15 முதல் அங்கே போர். கார்ட்டூம் சிதைந்தது, லீக் நின்றது. ஓம்துர்மானின் இரு பெரும் கிளப்புகளான அல் ஹிலாலும் அல் மெர்ரிக்கும் கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் மௌரிடானியாவின் லீக்கில் விருந்தாளிகளாக ஆடின. வீரர்களின் குடும்பங்கள் எங்கெங்கோ சிதறிக்கிடந்தன. அந்தச் சூடான், கானாவைச் சேர்ந்த பயிற்சியாளர் க்வெசி அப்பியாவின் கீழ், 2025 ஆகஸ்டில் சான்சிபார் தீவில் நைஜீரியாவை 4–0 என்று வென்றது. காலிறுதியில் அல்ஜீரியாவைப் பெனால்டியில் வெளியேற்றியது. அரையிறுதியில்தான், அதுவும் கூடுதல் நேரத்தில், ஒரே கோலில் மடகாஸ்கரிடம் தோற்றது. உள்நாட்டு லீக் வீரர்களுக்கான போட்டியில், உள்நாட்டு லீக்கே போரால் நிலைகுலைந்த ஒரு நாடு கடைசி நான்குக்குள் நின்றது.

அந்த மாதம் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. நம் வீரர்கள் எப்போது ஆடுவோம் என்று தெரியாமல் இருந்தார்கள். சூடானியர்களிடமிருந்து ஒரு வார்த்தை ஆறுதலாவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். எழுதவில்லை.

இந்திய அணியில் ஆடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தியக் கிளப் வீரர்கள். ஆசியாவில் சான் போன்ற போட்டி இருந்தால் இந்தியா ஏறக்குறைய அதே அணியை அனுப்பலாம். வியாசர்பாடியிலும் குமரிக் கடற்கரையிலும் விடியற்காலையில் பந்து உதைக்கும் பையனின் உச்சகட்ட வாய்ப்பு ஊர் லீக்தான். அப்படியிருக்க, ஊர் லீக் வீரனுக்கென்றே ஒரு கண்டம் அமைத்த மேடையை, உலகத்தில் வேறு யாரைவிடவும் நாம்தான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாம் மான்செஸ்டரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு நைரோபியைப் பார்த்தோம். அந்தக் கண்ணுக்கு வியாசர்பாடியும் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சானின் எல்லா ஆட்டங்களும் விறுவிறுப்பானவை என்று சொல்ல வரவில்லை. நடத்தும் நாடு ஆடாத நாட்களில் காலி இருக்கைகளுக்கு முன் ஆட்டங்கள் நடந்ததுண்டு. போட்டியை நடத்தும் நாட்டை மாற்றியதும், தேதியைத் தள்ளியதும் பலமுறை. 2018 கென்யாவில் நடந்திருக்க வேண்டியது, ஏற்பாடுகள் போதாமல் மொராக்கோவுக்குப் போனது. 2023இல், வான்வழி மூடப்பட்டிருந்ததால் நேரடி விமானம் மறுக்கப்பட்டு, நடப்புச் சாம்பியன் மொராக்கோ அல்ஜீரியாவுக்குப் போகவே முடியவில்லை. இவையெல்லாம் குறைகள்தாம். ஆனால் இந்தக் குறைகளை மட்டும் நாம் தவறாமல் செய்தியாக்கினோம். ஆட்டத்தை விட்டுவிட்டு ஒத்திவைப்பை மட்டும் எழுதினால், படிப்பவர் மனதில் என்ன சித்திரம் நிற்கும்? அந்தச் சித்திரத்தை வரைந்தவர்கள் நாம்.

2018இல் வாய்ப்பை இழந்த கென்யா 2025இல் உகாண்டாவோடும் தான்சானியாவோடும் சேர்ந்து நடத்தியது. சுவாகிலியில் 'ஒன்றாக' என்று பொருள்படும் 'பமோஜா' என்ற சொல்லைத் தங்கள் கூட்டுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். கென்யா பத்துப் பேரோடு ஆடி மொராக்கோவை 1–0 என்று வென்ற நாளில் கசரானி அதிர்ந்தது. தங்கள் ஊர் லீக் வீரர்களைப் பார்க்கத் தடுப்புகளை மீறிக் கூட்டம் நுழைந்ததால் கூட்டமைப்பு தண்டம் விதித்து, அனுமதிக்கும் எண்ணிக்கையைக் குறைக்க நேர்ந்தது. அந்த மைதானம் நிறைய நம் அக்கறை தேவைப்படவில்லை. குறைபட்டவர்கள் நாம்தான்.

கோப்பை வென்ற அணிக்குப் பரிசு 35 லட்சம் டாலர். ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்று சராசரி வீரன் ஒருவனை வாங்கக்கூட அது போதாது. ஆனால் சொந்த நாட்டுச் சட்டையை அணிந்து, சொந்தக் கண்டத்திலேயே வென்ற தொகை.

2027இல் அதே மூன்று நாடுகளும் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை நடத்தவிருக்கின்றன. அணிப் பட்டியல்கள் வெளிவரும்போது சலாவின் பெயரையும் ஹக்கிமியின் பெயரையும் தேடுங்கள், நானும் தேடுவேன். கூடவே, கிளப் என்ற இடத்தில் நைரோபி, தாருஸ்ஸலாம், பெர்க்கான், ஓம்துர்மான் என்று ஊர்ப்பெயர் வரும் வரிகளிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பெயர்களை முழுதாக, முறிக்காமல் எழுதுவது இனி எங்கள் பொறுப்பு. அந்த வரியில் இருப்பவர் இதே கசரானியில், நாம் பார்க்காத ஆகஸ்டு மாதத்தில், ஏற்கெனவே ஆடி முடித்தவராக இருக்கக்கூடும்.